ஜனவரியில் ஏறும் பொட்டாசியம், ஜூனில் இறங்கும் சர்க்கரை: தில்லி சாம்பிள்களுக்கு என்ன ஆகிறது?

யமுனைக்கரை (இழை தொடங்கியவர்)

லேப், வார்டு, கலெக்ஷன் சென்டர் பக்கம் இருக்கும் தில்லித் தமிழர்களுக்கான கேள்வி.

மயூர் விஹார், துவாரகா மாதிரி இடங்களில் காலை ஏழு மணிக்கு வீட்டில் எடுக்கிற ரத்தம், பைக் பையில் நாலு வீடு சுற்றி மெயின் லேபுக்கு வந்து ஸ்பின் ஆவதற்குள் (மெஷினில் சுற்றிச் சீரத்தைப் பிரிப்பதற்குள்) பதினொன்றரை ஆகிவிடுகிறது. ஜனவரியில் அப்படி வரும் டியூப்களில் பொட்டாசியம் 5.8, 6.1, 6.4 என்று வரிசை கட்டுகிறது. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 0.8, சோடியம் 138, மாத்திரை எதுவும் கிடையாது. சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கிறது, மெஷின் தரும் ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்) இண்டெக்ஸும் சுத்தம். அதே ஆளை நேரில் வரவழைத்து எடுத்தால் 4.3.

ஜூனில் எல்லாம் தலைகீழ். பொட்டாசியம் 3.3 வருகிறது. சிவப்பு மூடியில் போட்ட சர்க்கரை 58 வருகிறது, ஆளோ படி ஏறி வந்து ரிப்போர்ட் வாங்கிப் போகிறார்.

கன்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனைச் சாம்பிள்) சரியாக ஓடுகிறது, கேலிபிரேஷனில் குறையில்லை. சாம்பிள் சிவக்கவும் இல்லை என்றால் பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது? பையில் ஐஸ் பேக் வைக்கலாமா, வேண்டாமா?

---

மூன்றாம் டியூப்

ஐஸ் பேக்கை முதலில் வெளியே எடுத்து வையுங்கள் சார். பாதிப் பிரச்சினை அதில்தான்.

சிவப்பணுவுக்கு உள்ளே பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 100 மில்லிமோல், வெளியே 4. இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. செல் சுவரில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இடைவிடாமல் வெளியே கசிகிற பொட்டாசியத்தை உள்ளே இழுத்துப் போடுவதால் நிற்கிறது. பம்புக்கு ஏடிபி (செல்லின் எரிபொருள்) வேண்டும், அதற்குக் குளுக்கோஸ் வேண்டும், எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். 4 டிகிரியில் பம்ப் கிட்டத்தட்டப் படுத்துவிடும், கசிவு மட்டும் நிற்காது. அணு உடையவே இல்லை, ஹீமோகுளோபின் வெளியே வரவில்லை, ஆகவே சீரம் சிவக்காது. ஹீமோலிசிஸ் இண்டெக்ஸ் ஹீமோகுளோபினைத்தான் அளக்கிறது. அது சுத்தம் என்றால் "அணு உடையவில்லை" என்று மட்டும் அர்த்தம். "கசியவில்லை" என்று அர்த்தம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான தவறுக்கு வேர்.

தில்லி ஜனவரி காலையில் வெளியே ஐந்தாறு டிகிரி, பைக் காற்று வேறு. போதாததற்குப் பைக்குள் ஐஸ் பேக்கை ஒட்டிய டியூப். நாலு மணி நேரத்தில் 4.3 ஆறைத் தொடுவது அதிசயமே இல்லை.

ஜூனில் பம்ப் குஷியாக ஓடுகிறது. பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, அதனால் 3.3. குளுக்கோஸையும் சேர்த்துத் தின்கிறது, அதனால் 58. இன்னும் நேரம் போனால் குளுக்கோஸ் தீர்ந்து, ஏடிபி தீர்ந்து, பொட்டாசியம் மறுபடி வெளியே வரும். அதாவது வெயிலில் கிடந்த டியூப்பில் பொட்டாசியம் முதலில் இறங்கிப் பிறகு ஏறும். இடையில் ஒரு கட்டத்தில் 4.2 என்று அழகாக நார்மலாகவும் நிற்கும். அந்த நார்மலும் பொய்தான்.

செய்ய வேண்டியது: ஜெல் டியூப்பில் எடுத்து ஐந்தாறு முறை தலைகீழாக்குங்கள், குலுக்க வேண்டாம். நேராக நிற்க வைத்து அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறைய விடுங்கள். வார்ஃபரின், ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு இன்னும் நேரம் பிடிக்கும். பிறகு சென்டரிலேயே 1000 முதல் 1300 ஜி-யில் (ஜி என்பது சுழற்சி விசை) 10 நிமிடம் ஸ்பின். எடுத்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் சீரம் செல்லை விட்டுப் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்த பிறகு ஐஸ் பேக் வைக்கலாம், தப்பில்லை. பிரிவதற்கு முன் பை 18 முதல் 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒருமுறை ஸ்பின் ஆன ஜெல் டியூப்பை, சீரம் போதவில்லை என்று மறுபடி சுற்றாதீர்கள். ஜெல்லுக்குக் கீழே செல்லோடு கிடந்த பொட்டாசியம் நிறைந்த திரவம் மேலே வந்துவிடும்.

---

கரோல்பாக்_கலெக்ஷன்

மூன்றாம் டியூப் சார் சொன்னது டியூப்பில் விழுந்த பிறகு நடப்பது. விழுறதுக்கு முன்னாடியே கெடுக்கிற வழி நிறைய இருக்கு.

குளிர்ல நரம்பு கிடைக்காது. உடனே "முட்டீ பாந்தோ, கோலோ" னு பம்ப் அடிக்கச் சொல்வாங்க. கட்டு போட்டு கையை மூடி மூடித் திறந்தா முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் வெளிய வரும். இதனாலயே 1 மில்லிமோல் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் ஏறும். கையை மெல்ல மூடி வச்சிருந்தா போதும். கட்டு ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது, ரத்தம் டியூப்ல விழ ஆரம்பிச்சதும் அவுத்துடணும். நரம்பு தெரியலைன்னா வெந்நீர் பை ஒத்தடம் கொடுங்க, தட்டாதீங்க.

ஸ்பிரிட் காயணும், 30 செகண்ட். ஈரத்தோட குத்தினா எரிச்சலும் வரும், அணுவும் உடையும். சிரிஞ்சுல எடுத்து ஊசியோட ரப்பர் மூடியில குத்தி கட்டை விரலால அழுத்துறது ரொம்ப மோசம். அந்த அழுத்தத்துல அணு நசுங்கும்.

டியூப் வரிசை எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்குறோம்: கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, பர்ப்பிள், கடைசியா கிரே. ஆனா சின்னக் குழந்தை, நரம்பு மெலிஞ்ச வயசானவங்கன்னா "எது நிறையுதோ நிறையட்டும்" னு ஆயிடும். பர்ப்பிள்ல ரத்தம் ஜாஸ்தி, சிவப்புல கம்மின்னா அதுல இருந்து இதுல ஊத்துற ஆளும் உண்டு.

---

சீரம் செல்வி

அண்ணா, அப்படி ஊற்றியதை லேப் பக்கம் இருந்து எப்படிப் பிடிப்பது? சீரம் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாதே.

---

மூன்றாம் டியூப்

செல்வி, பொட்டாசியத்தைத் தனியாகப் பார்த்தால் பிடிபடாது. பர்ப்பிள் டியூப்பில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அது சீரத்துக்குள் வந்தால் பொட்டாசியத்தைத் தன்னோடு கொண்டு வரும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகமும் மெக்னீசியமும் நம்பி இருக்கிற ஆல்கலைன் ஃபாஸ்படேஸை முடக்கிவிடும். பொட்டாசியம் 9, கால்சியம் 5, ஆல்கலைன் ஃபாஸ்படேஸ் 15 என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ஊற்றிய கையைத் தேடலாம். அந்தப் பொட்டாசியமும் கால்சியமும் உண்மையாகவே ஒருவருக்கு இருந்தால் அவர் கவுண்டரில் நின்று டோக்கன் வாங்க மாட்டார்.

சிக்கல் சின்னக் கலப்பில்தான். ஊசி நுனியில் ஒட்டிய சொட்டு. பொட்டாசியம் 5.6, கால்சியம் 8.3 என்று வரும். இரண்டுமே "இருக்கலாமே" என்று தோன்றும். அங்கே பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் உண்டு.

கிரே டியூப்பில் பொட்டாசியம் ஆக்சலேட் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

---

ஆர்கேபுரம்_ஆர்எம்ஓ

வார்டு பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாப் பொட்டாசியத்தையும் "பொய்" என்று தள்ளிவிடப் போகிறார்கள்.

டயாலிசிஸ் தவறவிட்டவர், பொட்டாசியத்தை ஏற்றும் ராமிப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்து போகிறவர், சர்க்கரையோடு கிரியேட்டினின் 1.8 இருக்கிறவர்: இவர்களுக்கு 6.4 வந்தால் நிஜம் என்றே ஆரம்பியுங்கள். ஈசிஜி நார்மல் என்பது தைரியம் தராது, நிஜ 6.8-க்கும் ஈசிஜி சாதுவாக இருக்கலாம். மறு சாம்பிள் எடுங்கள், ரிசல்ட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

பிளட் கேஸ் மெஷினில் இரண்டு நிமிடத்தில் பொட்டாசியம் கிடைக்கும். குளிர்-கசிவுக் கேள்விக்கு அதுவே பதில், ஏனென்றால் ரத்தம் ஆறுவதற்கே நேரம் இல்லை. ஆனால் அது முழு ரத்தத்தில் அளக்கிறது. சிரிஞ்சில் அணு உடைந்திருந்தால் பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியாது. கேஸ் பொட்டாசியம் உயர்ந்திருந்தால் மீதி ரத்தத்தைச் சுற்றிப் பிளாஸ்மா நிறத்தைப் பாருங்கள்.

பொய்ப் பொட்டாசியத்துக்கு வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும். 10 யூனிட் ரெகுலர் இன்சுலின், கூட 25 கிராம் குளுக்கோஸ், அதாவது 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் சீக்கிரம் கரைந்துவிடும், இன்சுலின் நிற்கும். ஒல்லியான வயதானவருக்கு மூன்றாவது மணியில் சர்க்கரை 40. கூடவே 4.3 ஆக இருந்த நிஜப் பொட்டாசியம் 3.4-க்குப் போயிருக்கும். கொடுத்தால் ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

---

மூன்றாம் டியூப்

ஆர்எம்ஓ சொல்வது சரி. அதோடு இன்னும் இரண்டு பொய்.

பிளேட்லெட் 5 லட்சத்தைத் தாண்டினால், உறையும்போது அவை விடுகிற பொட்டாசியம் சீரத்தில் சேரும். ஹெப்பாரின் பச்சை டியூப்பில் எடுத்தால் சரியாகிவிடும். சாதாரணமாகவே சீரம், பிளாஸ்மாவை விட 0.1 முதல் 0.4 வரை கூடத்தான் இருக்கும்.

நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகீமியாவில் வெள்ளையணு லட்சக்கணக்கில் இருந்தால் கதை மாறும். அந்த அணுக்கள் சோப்புக் குமிழி மாதிரி. ஹெப்பாரினிலும், சாம்பிள் அனுப்பும் காற்றுக் குழாய் வேகத்திலும் உடையும். அங்கே பிளாஸ்மா 7.5, சீரம் 4.4 என்று வரும். "பச்சை டியூப்தான் நம்பகம்" என்று மனப்பாடம் செய்தவர் இங்கே வழுக்கி விழுவார். அந்த நோயாளியின் சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வாருங்கள்.

---

யமுனைக்கரை

பொட்டாசியம் விளங்கிவிட்டது. சர்க்கரைக்கு வருவோம். கிரே டியூப்பில் எடுத்தால் சர்க்கரை அசையாது என்றுதான் எல்லா சென்டரிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கிரே டியூப்பும் ஜூனில் ஐந்தாறு மி.கி. குறைவாக வருகிற மாதிரி தெரிகிறது.

---

மூன்றாம் டியூப்

தெரிகிற மாதிரி இல்லை, அப்படித்தான். கிரே டியூப்பில் இருக்கும் புளோரைடு எங்கே கை வைக்கிறது என்று பாருங்கள். அணு குளுக்கோஸை உடைக்கிற கிளைகாலிசிஸ் பாதையில் ஈனோலேஸ் கிட்டத்தட்டக் கடைசியில் வருகிற என்சைம். அதை அடைத்தால் மேலே இருக்கிற முதல் என்சைம் ஹெக்சோகைனேஸ் உடனே நிற்காது. கடைசிக் கேட்டைப் பூட்டினாலும் உள்ளே வருகிற கூட்டம் கொஞ்ச நேரம் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே முதல் ஒன்று இரண்டு மணி நேரம் கிரே டியூப்பிலும் குளுக்கோஸ் இறங்கும், பிறகுதான் நிற்கும். புளோரைடே இல்லாத டியூப்பில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் போகும். மே, ஜூன் பைக் பையில் அதைவிட அதிகம். வெள்ளையணு கூடியிருந்தால் இன்னும் அதிகம்.

இது யாரைப் பாதிக்கிறது? 180, 240 என்று இருப்பவருக்கு ஆறு மி.கி. ஒன்றும் இல்லை. ஆனால் கர்ப்பிணியின் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையில் வெறும் வயிற்று வரம்பு 92. உண்மையில் 95 இருந்தவர் டியூப்பில் ஒரு மணி நேரம் நின்று 90 ஆகி "நார்மல்" சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நார்மல் ரிப்போர்ட்டை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

வழி: சிட்ரேட் பஃபர் சேர்த்த டியூப் ரத்தத்தை அமிலமாக்கி ஹெக்சோகைனேஸிலேயே நிறுத்திவிடும். அது கிடைக்காவிட்டால் ஐஸ்-தண்ணீரில் வைத்து 30 நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள். ஐஸ்-தண்ணீர் என்றால் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த கூழ். வெறும் ஐஸ் பேக் டியூப்பை ஒரு பக்கம்தான் தொடும். கவனியுங்கள், சர்க்கரைக்கு ஐஸ் மருந்து, பொட்டாசியத்துக்கு அதே ஐஸ் விஷம். இரண்டு டியூப்பையும் ஒரே பையில் ஒரே அறையில் போட்டால் ஏதோ ஒன்று கெடும்.

கிரே டியூப் 2 மி.லி. என்றால் 2 மி.லி. போடுங்கள். அரை மி.லி. மட்டும் விழுந்தால் புளோரைடு செறிவு கூடி அணு உடையும். எட்டிலிருந்து பத்து முறை தலைகீழாக்காவிட்டால் தூள் அடியிலேயே கிடக்கும்.

---

சீரம் செல்வி

அப்போ இந்தத் தலைவலியே வேண்டாம், எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது) பார்த்தால் போதும் என்று சொல்கிறார்களே சார்? டியூப் ஆறினாலும் காய்ந்தாலும் அது மாறாது.

---

மூன்றாம் டியூப்

டியூப்பில் மாறாது, ஆளில் மாறும். ஏ1சி என்பது சர்க்கரையும் அணுவின் ஆயுளும் சேர்ந்த கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆயுள் குறைந்தால், அதாவது ஹீமோலிசிஸ், ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸில் எரித்ரோபாய்ட்டின் என்றால், ஏ1சி பொய்யாக இறங்கும். இரும்புச்சத்துக் குறைவில் ஏறும். ஹீமோகுளோபின் 8 இருக்கிற பெண்ணுக்கு ஏ1சி 6.6 வந்ததும் மெட்ஃபார்மின் எழுதுவதற்கு முன் ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு) பாருங்கள்.

தில்லிக்கு என்று தனியாக ஒன்று: எச்பி டி பஞ்சாப், ஹீமோகுளோபினின் ஒரு மரபு வகை. பீட்டா சங்கிலியின் 121-ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் குளுட்டமின். ஒற்றை ஜீன் மட்டும் மாறியவருக்கு நோய் எதுவும் தெரியாது, ரத்தசோகை கூட இருக்காது. பஞ்சாப், ஹரியானா, தில்லிக் குடும்பங்களில் இது இருக்கிறது. சென்னையில் பழகியவர் இதை யோசிக்கவே மாட்டார். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி மெஷினில் பெரிய தனிச் சிகரமாகத் தெரியும், மொத்தத்தில் சுமார் நாற்பது சதவீதம். அது ஏ1சியைக் கெடுக்குமா என்பது மெஷினையும் ரீஏஜென்ட்டையும் பொறுத்தது. ஆகவே நம்பரை மட்டும் பார்த்து கையெழுத்துப் போடாமல் கிராஃபைப் பாருங்கள். போரோனேட் அஃபினிட்டி முறைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டு ஜீனும் மாறியவருக்குச் சாதாரண ஹீமோகுளோபினான எச்பி ஏ-யே கிடையாது. அங்கே ஏ1சி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு கணக்கு: ஏ1சியை 28.7 ஆல் பெருக்கி 46.7 கழித்தால் சராசரி சர்க்கரை. 9 என்றால் 212 அருகே. கையிலிருக்கும் குளுக்கோமீட்டர் நோட்டில் எல்லாமே 130, 140 என்று இருந்தால் ஏதோ ஒன்று பொய். அப்போது ஃப்ரக்டோசமைனோ கிளைகேட்டட் ஆல்புமினோ கேளுங்கள், இரண்டு மூன்று வாரக் கணக்கு அது. சிறுநீரில் புரதம் கொட்டுகிறவருக்கு அதுவும் உதவாது.

---

ஆர்கேபுரம்_ஆர்எம்ஓ

நோட்டும் பொய் சொல்லும் சார், அப்பா மருந்தை நிறுத்திவிடுவார் என்று மகள் எழுதுகிற நோட்டு உண்டு. மீட்டர் மெமரியைப் பாருங்கள்.

---

யமுனைக்கரை

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். ரிப்போர்ட் வாங்க வரும் நம்ம ஊர்க்காரர்களிடம் தினமும் நடக்கிற குழப்பம் "உப்பு". கிரியேட்டினின் ஏறினால் "உப்பு ஏறிடுச்சு". சோடியம் குறைந்தால் "உப்பு கம்மி". கர்ப்பிணி சிறுநீரில் புரதம் போனால் "உப்பு போகுது". மூன்றுக்கும் ஒரே சொல். முதலாவது கேட்டவர் சாப்பாட்டு உப்பை நிறுத்துகிறார், இரண்டாவது கேட்டவர் ஊறுகாயைக் கூட்டுகிறார். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே ஆளுடையதாக இருந்தால் என்ன செய்வார்?

---

ஆர்கேபுரம்_ஆர்எம்ஓ

நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள். சோடியம் 124 என்றால் பெரும்பாலும் உப்புப் பற்றாக்குறை இல்லை, தண்ணீர் மிகுதி. ஊறுகாய் அதைச் சரிசெய்யாது.

அதற்கும் முன் அந்த 124 நிஜமா என்று பார்க்க இரண்டு கேள்வி. சர்க்கரை எவ்வளவு? 100-க்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் சோடியத்தில் 1.6 கூட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரை 400-ஐத் தாண்டினால் 2.4 என்று போடுபவர்களும் உண்டு. சர்க்கரை 600, சோடியம் 128 என்றால் திருத்தியது 136. குளுக்கோஸ் தண்ணீரைச் செல்லிலிருந்து இழுத்து வந்ததால் வந்த நீர்ப்பு அது.

இரண்டாவது, சீரம் பால் மாதிரி இருக்கிறதா? பெரிய மெஷின்கள் சீரத்தை நீர்த்துவிட்டு அளக்கின்றன, 93 சதவீதம் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு. டிரைகிளிசரைடு சில ஆயிரம் இருந்தாலோ, மயலோமா என்ற ரத்தப் புற்றில் புரதம் 12 கிராம் இருந்தாலோ தண்ணீர்ப் பங்கு குறையும், மெஷின் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். பிளட் கேஸ் மெஷின் நீர்க்காமல் அளப்பதால் 138 என்று நிஜத்தைச் சொல்லும்.

ஆஸ்மோலாலிட்டி (ரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு) போடும்போது ஒரு குழி. சோடியம் இருமடங்கு, கூட்டல் சர்க்கரை வகுத்தல் 18, கூட்டல் யூரியா வகுத்தல் 2.8 என்று போன் ஆப்பில் இருக்கும். அந்த 2.8 அமெரிக்கக் கணக்கு, யூரியாவின் நைட்ரஜனுக்கு. நம் லேப்கள் பெரும்பாலும் முழு யூரியாவைத் தருகின்றன. அதை 6 ஆல் வகுக்க வேண்டும். யூரியா 120 என்றால் சரியான பங்கு 20. 2.8 ஆல் வகுத்தால் 43. கணக்கிட்டது 23 கூடிவிடும், ஆஸ்மோலார் இடைவெளி (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வித்தியாசம்) காணாமல் போகும், மெத்தனால் குடித்து வந்தவர் கையை விட்டுப் போவார்.

---

மயூர்விஹார்_நெஃப்ரோ

யூரியா விஷயத்துக்கு நன்றி, இதைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

கீட்டோன் பற்றி யாராவது எழுதுங்கள். தில்லியில் நவராத்திரிக்கு ஒன்பது நாள் விரதம், கர்வா சௌத்துக்குத் தண்ணீர்கூட இல்லாத விரதம். நம் பக்கம் சஷ்டிக்கு ஆறு நாள். இவர்களில் பலர் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுக்கிறார்கள். வாந்தி என்று வந்தால் சர்க்கரை 170 பார்த்து "கேஸ் டிரபிள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

---

மூன்றாம் டியூப்

இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் கொட்டுவதால் ரத்தத்தில் 170தான் நிற்கும். ஆனால் இன்சுலின் குறைவு, குளுக்ககான் கூடுதல், மேலே விரதம்: கொழுப்பு உடைந்து கீட்டோன் ஏறிக்கொண்டே இருக்கும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015 மே மாதமே எச்சரித்தது. கீட்டோ அசிடோசிஸுக்கு (கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாவதற்கு) 2024-இல் வந்த சர்வதேச வரையறையில் சர்க்கரை வரம்பை 200-க்கு இறக்கியதோடு, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் எந்த அளவானாலும் சரி என்று திறந்தும் விட்டார்கள். முக்கிய ரத்தக் கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் 3 அல்லது மேல், பிஎச் 7.3-க்குக் கீழ் அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழ். ஆகவே 170 என்ற நம்பர் யாரையும் விடுவிக்காது.

இனி சிறுநீர்ப் பட்டை. அதிலுள்ள நைட்ரோபுருசைடு இன்னொரு கீட்டோனான அசிட்டோ அசிட்டேட்டைத்தான் பிடிக்கும், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைப் பார்க்கவே பார்க்காது. கீட்டோ அசிடோசிஸில் பின்னதுதான் மூன்று மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை அதிகம். நோய் உச்சத்தில் பட்டை வெறும் "ஒரு பிளஸ்" காட்டலாம். இன்சுலின் ஓடியதும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அசிட்டோ அசிட்டேட்டாக மாறும். ஆள் தேறிக்கொண்டு இருப்பார், பட்டை "மூன்று பிளஸ்" காட்டும். அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டாதீர்கள். ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் பட்டையை மறந்துவிடலாம்.

இதே அசிட்டோ அசிட்டேட் கிரியேட்டினினையும் கெடுக்கும். கிரியேட்டினினை அளக்கும் ஜாஃபே முறையில் காரப் பிக்ரேட்டோடு அதுவும் சேர்ந்து நிறம் தரும். கிரியேட்டினின் 2.4 வந்து, மறுநாள் 1.0 ஆனால் சிறுநீரகம் ஒரே இரவில் குணமானது என்று எழுதாதீர்கள். பாதி ஸலைன், பாதி ஜாஃபே. என்சைமேட்டிக் முறை இந்த வம்பில் மாட்டாது.

அறுவை சிகிச்சைக்கு இந்த மாத்திரைகளை 3 நாள் முன்பு, எர்ட்டுக்ளிஃப்ளோசினை 4 நாள் முன்பு நிறுத்தச் சொல்கிறார்கள். நீண்ட விரதத்துக்கும் அதே யோசனையோடு டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். விரதம் தொடங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

---

மயூர்விஹார்_நெஃப்ரோ

அயான் இடைவெளி (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தது) போட்டால் சர்க்கரை 170 ஆனாலும் பிடிபட்டிருக்கும். சோடியம் 134, குளோரைடு 98, பைகார்பனேட் 13: இடைவெளி 23. ஆல்புமினையும் பாருங்கள். 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் 2.5 கூட்ட வேண்டும். ஆல்புமின் 2.4 என்றால் 27.

---

சீரம் செல்வி

ஆனால் மேடம், பைகார்பனேட்டே பொய்யாகக் குறையுமே. மூடி திறந்த கப்பில் சீரம் மெஷின் வரிசையில் நின்றால் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும். ஒரு மணி நேரத்தில் நாலைந்து யூனிட் கூடக் குறையலாம். 5 மி.லி. டியூப்பில் ஒரு மி.லி. எடுத்தால் மேலே இருக்கிற வெற்றிடத்துக்கும் போய்விடும். காலை பேட்சின் கடைசியில் வருபவர் எல்லாருக்கும் "லேசான அசிடோசிஸ்" வந்தால் காரணம் இதுதான்.

லாக்டேட்டுக்கும் இதே கவனம்: கிரே டியூப், ஐஸ்-தண்ணீர், 15 நிமிடத்துக்குள் பிரிக்க வேண்டும், கையைப் பம்ப் அடிக்கக் கூடாது. அம்மோனியாவுக்குப் பர்ப்பிள், மற்றபடி இதேதான். துவாரகாவிலிருந்து பைக்கில் வந்த அம்மோனியாவை ஓட்டவே கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும்.

முடிக்காகப் பயோட்டின் 10 மி.கி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு ரிப்போர்ட் தாறுமாறாக வருவதையும் இங்கே கேட்கலாமா?

---

மூன்றாம் டியூப்

அதற்குத் தனி இழை தொடங்கு செல்வி, நீளும். சுருக்கமாக: ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிடிப்பை நம்பும் கிட்களில் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். இரண்டும் சேர்ந்து, தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் மாதிரியே இருக்கும். இதயத்துக்கான ட்ரோபோனினும் பொய்யாகக் குறையலாம், அதுதான் ஆபத்து. மாத்திரையை இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்.

---

ஆர்கேபுரம்_ஆர்எம்ஓ

ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சாம்பிள் கொஞ்சம் சிவந்திருந்தால் லேப்கள் பொட்டாசியம் இடத்தில் நம்பரே போடாமல் "ஹீமோலைஸ்டு, மறுசாம்பிள் தேவை" என்று எழுதுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அது உதவாது. சிவந்த சாம்பிளில் 3.1 வந்தால் நிஜம் அதைவிடக் குறைவு. அது எனக்கு உடனே தெரிய வேண்டும்.

---

மூன்றாம் டியூப்

பாதி ஒத்துக்கொள்கிறேன். லேசான சிவப்பில் நம்பரைக் கொடுத்து, "கூடுதலாகக் காட்டக்கூடும்" என்று குறிப்பு எழுதலாம். குறைந்த பொட்டாசியத்தைப் போனில் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் தர்ப்பூசணிச் சாறு மாதிரி இருக்கிற சீரத்தில் 6.9 என்று அச்சடித்துக் கொடுத்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை, நம்பர் மட்டும் கேஸ் ஷீட்டில் ஏறும். "இவ்வளவு ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு கழி" என்று சூத்திரம் போட்டுத் திருத்துவதற்கும் நான் எதிர். ஆளுக்கு ஆள் அணுவுக்கு அணு மாறும்.

அதோடு எல்லாச் சிவப்பும் ஊசிக் குற்றம் இல்லை. மறுசாம்பிளும் அதே சிவப்பில் வந்தால், எல்டிஎச் ஏறி, ஹாப்டோகுளோபின் தரை தட்டி, மறைமுக பிலிருபின் கூடியிருந்தால், அணு உடம்புக்குள்ளேயே உடைகிறது. ஜி6பிடி குறைவு, மலேரியா, தப்பான குரூப் ரத்தம். அப்போது அந்தப் பொட்டாசியம் நிஜம். "மறுசாம்பிள்" என்று மூன்று முறை திருப்பி அனுப்புகிற லேப் நோயைத்தான் திருப்பி அனுப்புகிறது.

---

ஆர்கேபுரம்_ஆர்எம்ஓ

தர்ப்பூசணிக்கும் நம்பர் வேண்டும் என்பதே என் கட்சி. போனிலாவது சொல்லுங்கள்.

---

யமுனைக்கரை

நான் எடுத்துக்கொண்டது: ஸ்பின் சென்டரிலேயே. பையில் இரண்டு அறை. பிரிக்காத டியூப்புக்கு ஐஸ் கிடையாது, ஜனவரியில் தெர்மோகோல் சுவர். எடுத்த நேரம், ஸ்பின் நேரம் இரண்டும் லேபிளில். உள்ளே அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி.

கடைசிச் சந்தேகம். சென்டருக்கு எட்டு டியூப் பிடிக்கிற சின்ன சென்ட்ரிஃப்யூஜ் வாங்கினால் 3000 ஆர்பிஎம்மில் வைத்தால் சரியா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

---

மூன்றாம் டியூப்

ஆர்பிஎம் பாதிக் கணக்குதான். ஜி = 0.00001118 × ஆரம் சென்டிமீட்டரில் × ஆர்பிஎம்மின் வர்க்கம். ஆரம் 10 செ.மீ. என்றால் 3000-க்கு 1006 ஜி, சரி. 15 செ.மீ. என்றால் 1509 ஜி, ஜெல் டியூப்புக்கு அதிகம். 7 செ.மீ. மட்டும் இருக்கிற சின்ன மெஷினில் 704 ஜிதான் கிடைக்கும், ஜெல் முழுசாக ஏறி மூடாது, ஓரத்தில் செல் தங்கிக் கசியும்.

---

கரோல்பாக்_கலெக்ஷன்

ஆரத்தை நடு அச்சுல இருந்து டியூப்போட அடி வரைக்கும் அளக்கணும் சார், மூடி வரைக்கும் இல்ல. சாய்வா நிக்கிற ரோட்டர்னா ஜெல்லும் சாய்வாத்தான் உக்காரும், வாளி தொங்குற ஸ்விங் அவுட் ரோட்டர் கேட்டு வாங்குங்க.